ஒன்பது வோல்ட்டும் ஒரு டத்தோவும்

சுங்கை கெலாடி தமிழ்ப்பள்ளியின் மேடையில் தங்கநிறக் காகிதம் சுற்றிய அந்தப் பெட்டி வந்து உட்கார்ந்ததிலிருந்து ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதன்மேல் ஒரு கண். பெட்டியின் தலையில் ஐந்து விரலும் விரித்த கை ஒன்று வரைந்திருந்தது. மறுநாள் அறிவியல் விழாவுக்கு வரும், அரசு தரும் டத்தோ பட்டம் வாங்கிய யுகேந்திரன் அதன்மேல் தம் கையை வைப்பார். உடனே மண்டபம் முழுக்க விளக்கு எரியும், பாட்டு முழங்கும், வண்ணக் காகிதம் பறக்கும்.

இதற்குக் கிமிக் என்று பெயர். கிள்ளான் பக்கத்தில் கிமிக் இல்லாமல் எதையும் திறந்துவிட முடியாது. கோயில் மண்டபமோ, முடிதிருத்தும் கடையோ, கால்பந்துப் போட்டியோ, யாராவது ஒரு பிரமுகர் எதன்மேலாவது உள்ளங்கையை வைத்தால்தான் அது திறந்ததாகக் கணக்கு. பெட்டிக்குள் ஒன்றும் இருக்காது. திரைக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு, அறிவிப்பாளர் “மூன்று” என்றதும் சுவிட்சைத் தட்டுவார். கை வைப்பவருக்கும் இது தெரியும், சுவிட்சைத் தட்டுபவருக்கும் தெரியும், கீழே உட்கார்ந்து கைதட்டுகிற அத்தனை பெரியவர்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் பிள்ளைகள் மட்டும்தான்.

அறிவியல் ஆசிரியை மாதவி அந்தத் தவணை முழுக்க அவர்களுக்கு மின்சுற்றுதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். சப்பாத்துப் பெட்டிகளை வெட்டி, ஒட்டி, பக்கத்துத் தெலுக் பங்லிமா காராங் பட்டணத்தையே அவர்கள் ஒரு மேசைமேல் கட்டியிருந்தார்கள். தொழிற்சாலை இருந்தது, எண்ணெய் நிலையம் இருந்தது, சாலையோரம் கடுகளவு விளக்குகள் வரிசையாய் நின்றன. வட்டார அளவிலான புத்தாக்கப் போட்டிக்கு அதுதான் போவதாக இருந்தது. ஒரு விளக்கு எரியவில்லை என்று யாராவது வந்து நின்றால் மாதவி எழுந்து போய்ப் பார்க்கமாட்டாள். “எங்க அறுந்திருக்கு? தேடு,” என்பாள். அவ்வளவுதான். தேடித் தேடி, எரியாத எதைப் பார்த்தாலும் அடிவயிற்றைத் திறந்து பார்க்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது.

அந்தப் பழக்கத்தில்தான் ஷாமினியும் ரிஷியும் ஓய்வு நேரத்தில் மேடைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார்கள். மாதவி நாற்காலிமேல் ஏறி நின்று “வருக வருக” என்பதன் இரண்டாவது ‘வ’வைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், மேடைல இருக்கிற பெட்டி ரோசாக். கெட்டுப் போச்சு,” என்றாள் ஷாமினி.

“யாரு சொன்னா ரோசாக்குன்னு?”

“தெறந்து பாத்தோம். வயர் இல்ல, பேட்டரி இல்ல. உள்ள மினரல் வாட்டர் பெட்டி மட்டும் இருக்கு.”

“பாவம் டீச்சர் டத்தோ,” என்றான் ரிஷி. “அவ்ளோ பேரு முன்னுக்குக் கைய வெச்சிட்டு எரியலன்னா சிரிப்பாங்க லா.”

மாதவி அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம், பெரிய மனிதர்கள் மினரல் வாட்டர் பெட்டிமேல் கை வைத்து விளக்கேற்றுவதுதான் நம் வழக்கம் என்பதை எப்படி எடுத்துச் சொல்வது? கையில் பசை வேறு காய்ந்துகொண்டிருந்தது. “அப்ப என்ன செய்யணும்?” என்று வகுப்பில் கேட்பதுபோலவே கேட்டுவிட்டாள்.

“மின்சுற்ற முழுமையாக்கணும் டீச்சர்.”

“செய்யுங்க, போங்க.”

செய்துவிட்டார்கள். இரண்டு அட்டை, இரண்டிலும் சமையலறை அலுமினியத் தாள், நடுவில் ஒட்டாமல் இருக்கப் பஞ்சுத் துண்டுகள். மேலே அமுக்கினால் தாளும் தாளும் தொடும். ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி ஒன்று, உறுமும் சின்ன பஸர் ஒன்று, மேடைக் கம்பளத்துக்கு அடியில் ஓடி மேசைப் பட்டணத்தை எட்டும் நீள வயர். மாதவி கை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கைக்கு அடியில் பெட்டி பூனைபோல உறுமியது. கீழே சாலை விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவள் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். ஓர் ஆசிரியைக்கு அப்படி ஒரு நாள் வருடத்தில் ஒன்றுதான் வாய்க்கும்.

தலைமையாசிரியர் திருச்செல்வத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று போனாள். அவர் கைப்பேசியில் மாலைக்காரனிடம் மாலையின் கனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“சார், மேடைப் பெட்டில பிள்ளைங்க ஒரு வேல செஞ்சிருக்காங்க.”

“பாக்க அழகா இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்பச் சரி லா,” என்றுவிட்டு மாலைக்குத் திரும்பினார்.

மறுநாள் டத்தோ வந்தார். அந்தப் பட்டம் அவருக்கு எதற்காகக் கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. பிரிக்பீல்ட்ஸில் அவர் நடத்துவது என்ன அலுவலகம் என்று கேட்டவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாலை அவர் முழங்காலைத் தொட்டது. பேச்சு அதைவிட நீளம். “என் நரம்புல ஓடுறது ரத்தமில்ல, சமுதாய மின்சாரம்,” என்று அவர் சொன்னபோது முன்வரிசை கைதட்டியது. பிறகு அவரைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

திரைக்குப் பின்னால் குகன் தயாராக இருந்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். கூடாரமும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறவர். அந்த வட்டாரத்துக் கிமிக் எல்லாம் அவர் விரல் பட்டுத் திறந்தவைதான்.

“ஒன்று,” என்றார் அறிவிப்பாளர்.

டத்தோ புகைப்படக்காரனைப் பார்த்துச் சிரித்தபடி, குனிந்தும் பார்க்காமல், உள்ளங்கையை வைத்தார். பெட்டி உறுமியது.

எத்தனையோ வருடமாக எதையெதையோ திறந்துவைத்த அந்தக் கைக்கு எந்தப் பெட்டியும் அதுவரை பதில் சொன்னதில்லை. டத்தோ “அம்மா” என்று அலறினார். பின்னால் சாயப் போனவர் விழாமலிருக்க மறுபடியும் அதே பெட்டியைத்தான் பிடித்தார். அது மறுபடியும் உறுமியது. அவர் மறுபடியும் அலறினார். “மூன்று” வருமென்று காத்திருந்த குகன், அலறல் வரவே பதறிப்போய், இருந்த சுவிட்சையெல்லாம் தட்டிவிட்டார். விளக்கு, பாட்டு, காகிதம், புகை இயந்திரம் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. புகைக்குள்ளிருந்து குகன் விளக்குமாற்றோடு வெளிப்பட்டார். எங்கோ ஒரு பாதுகாப்புப் பயிற்சியில், கரண்டு பிடித்தவரைக் கையால் தொடாதே, கட்டையால் தட்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் டத்தோவின் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டார். உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொன்றும் போட்டார்.

கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மாதவி மேடையில் ஏறி, பெட்டியைக் கவிழ்த்து, பேட்டரியைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினாள். “ஒன்பது வோல்ட்தான் சார். பொம்மைக்குப் போடுறது. இதுல ஒண்ணுமே ஆகாது.” அவள் கையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் டத்தோவின் கையைப் பார்த்தார்கள். அது வீங்கத் தொடங்கியிருந்தது.

“கரண்டு தீய்ச்சிருச்சு,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“நீல நெருப்பு வந்திச்சு. நான் கிட்டத்துல பாத்தேன்,” என்றார் விளக்குமாற்றைக் கையில் வைத்திருந்த குகன்.

மாதவி விளக்குமாற்றையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மனிதர் புகைக்குள்ளே தம் விரலையே பார்த்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் செய்தி அவள் கைப்பேசிக்கு ஏழெட்டுக் குழுக்கள் வழியாக வந்துவிட்டது. ஒன்றில் டத்தோ தூக்கி எறியப்பட்டார். ஒன்றில் அவர் நெஞ்சு சற்று நேரம் நின்று ஓடியது. ஒன்றில் அவர் ஒரு குழந்தையைக் காப்பாற்றத்தான் பெட்டியைத் தொட்டார். மருத்துவமனைக் கட்டிலில், கையில் தலையணை கனத்துக்குக் கட்டோடு, பழக்கூடைகளுக்கு நடுவே அவர் படம் வந்தது. “பிஞ்சுக் கைகளின் சக்தியை என் உடலில் உணர்ந்தேன்,” என்று கீழே எழுதியிருந்தது. கிள்ளானில் ஒரு கோயிலில் அவர் பெயருக்குச் சிறப்பு அர்ச்சனையாம். மாதவி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு தடவை விளக்குமாற்றால் அடிபட்ட கை என்று ஒருவராவது எழுதியிருப்பாரா என்று கடைசிவரை தேடினாள்.

மாலையில் திருச்செல்வம் அழைத்தார்.

“டீச்சர், நாளைக்கு வகுப்புல பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க. அவங்க வயர் போட்டதுல தப்பு, அதனாலதான் டத்தோவுக்கு ஷாக் அடிச்சிருச்சு. போட்டிக்குக் குடுத்த பேர வெட்டிட்றேன். இனிமே கரண்டு வேல வேணாம். பேப்பர் மடிச்சு ஏதாச்சும் செய்யச் சொல்லுங்க.”

“சார், அவங்க போட்டதுல தப்பே இல்ல. ஒன்பது வோல்ட்ல ஷாக் அடிக்காது.”

“டத்தோ அடிச்சிச்சுன்னு சொல்றாரு.”

“அடிக்காது சார்.”

“அப்ப டத்தோ பொய் சொல்றாருன்றீங்களா?”

மாதவி கைப்பேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஒன்பது வோல்ட்டுன்றது எனக்கும் உங்களுக்கும் சரி டீச்சர்,” என்றார் அவர், குரலைத் தணித்துக்கொண்டு. “அவரு டத்தோ லா.”

அன்றிரவெல்லாம் அந்த வாக்கியம் அவளை விட்டுப் போகவில்லை. பட்டத்துக்கு ஏற்ப மின்சாரம் பாயும் என்பதை இவர் எந்தக் கல்லூரியில் படித்தார்? சரி, பெரியவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தச் சுற்றைக் கட்டினவர்கள் பிள்ளைகள். கையை வைத்து வைத்துப் பார்த்தவர்கள். அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு நினைப்பில்தான் திங்கட்கிழமை காலை பள்ளிக்குள் நுழைந்தாள்.

வகுப்பில் ரிஷி மேசைமேல் ஏறி நின்றிருந்தான். சுற்றிலும் கூட்டம்.

“நான்தான் பேட்டரி போட்டேன். டத்தோவையே தூக்கி அடிச்சிச்சு பாத்தீங்களா? நீலமா ஒரு நெருப்பு, ஸ்ஸ்ஸுன்னு.”

“நானும் பாத்தேன்,” என்றது ஒரு குரல். “நான் புகையக்கூட மோந்தேன்,” என்றது இன்னொன்று.

மாதவி புத்தகங்களைக் கீழே வைக்க மறந்து நின்றாள். மேடையில் கண்டதும், கைப்பேசியில் படித்ததும், தலைமையாசிரியர் சொன்னதும் இந்த ஒன்றுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

“ரிஷி, எறங்கு. நீ அந்தப் பெட்டிமேல எத்தன தடவ கைய வெச்சுப் பாத்த?”

“நெறைய தடவ டீச்சர்.”

“ஷாக் அடிச்சதா?”

“இல்ல டீச்சர்.”

“அப்ப?”

அவன் அவளைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். “நாங்க சின்னப் பிள்ளைங்க டீச்சர். எங்களுக்கெல்லாம் அடிக்காது. டத்தோவுக்குத்தான் அடிக்கும்.”

தலைமையாசிரியர் இதை இவனிடம் சொல்லியிருக்க வழியில்லை. தானாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறான். ஒரு தவணை முழுக்கச் சொல்லிக் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கழன்று விழுந்துவிட்டது. மாதவி மறுபேச்சுப் பேசாமல் மண்டபத்துக்குப் போனாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பின் நடு மேசையில் வைத்தாள், பேட்டரியை மாட்டினாள். பிள்ளைகள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள்.

“யாராச்சும் வந்து கைய வைங்க.”

யாரும் வரவில்லை. அவளே வைத்தாள். பெட்டி உறுமியது.

“டீச்சர் சப்பாத்து போட்டிருக்காங்க. ரப்பர்,” என்று பின்னாலிருந்து ஒரு விளக்கம் வந்தது.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று வைத்தாள்.

“டீச்சர் மெலிஞ்சு இருக்காங்க. டத்தோ குண்டு. குண்டா இருந்தா நெறைய கரண்டு போகும்.”

எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். கேள்வி கேட்கவும் காரணம் தேடவும் அவள்தான் பழக்கியிருந்தாள். கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். உறுமல் நின்றபாடில்லை. கடைசியில் ஷாமினி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றை விரலை நீட்டியபடி அடி அடியாக வந்தாள். விரலை வைத்தாள். பிறகு முழுக் கையையும் வைத்தாள். கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஒண்ணுமே இல்ல,” என்றாள். அவளுக்கே அது ஏமாற்றமாக இருந்தது.

அதற்கப்புறம் தாங்கவில்லை. எல்லாருக்கும் வைத்துப் பார்க்கவேண்டும். ஒருவன் ஈரக் கையோடு வைத்தான். ஒருத்தி முழங்கையை வைத்தாள். வகுப்பிலேயே குண்டான பையனைப் பிடித்து இழுத்துவந்து, அவன் கன்னத்தை வைத்து அமுக்கினார்கள். அவன் கூச்சத்தில் சிரித்தான். “நெருப்ப நீ பாத்தியா, உண்மைய சொல்லு,” என்று ஒருத்தி ரிஷியின் சட்டையைப் பிடித்தாள். “மத்தவங்க பாத்தேன்னாங்க. அதான் நானும் சொன்னேன்,” என்றான் அவன் காது சிவந்துபோய். உறுமல் மெல்லத் தேய்ந்து நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்துபோனது. ரிஷி அதைக் கழற்றினான். வேறு பேட்டரி இருக்கும் என்று பின்சுவர் அலமாரிக்குள் தலையை விட்டுத் தேடப் போனான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் திருச்செல்வம் வந்து நின்றார். பின்னால் குகன், முழங்கைவரை ஏறிய மஞ்சள் ரப்பர் கையுறையோடு.

“டத்தோ ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க,” என்றார் திருச்செல்வம். “அந்தப் பெட்டிய பிரிக்பீல்ட்ஸ்ல கண்ணாடிக்குள்ள வைக்கணுமாம். குகன் எடுத்துட்டுப் போக வந்...” அதற்குள் பெட்டிமேல் கிடந்த கைகளைப் பார்த்துவிட்டார். “ஏய், கைய எடுங்க. எல்லாரும் தள்ளி நில்லுங்க.”

“சார், இது ஒண்ணும் செய்யாது சார்,” என்றாள் ஷாமினி. “நாங்க எல்லாரும் வெச்சுப் பாத்துட்டோம். நீங்களும் வைங்க சார்.”

“சார், அதுல...” என்று தொடங்கினாள் மாதவி.

“நீங்க பேசாதீங்க டீச்சர். நீங்க பேசினது போதும்.”

மாதவி வாயை மூடிக்கொண்டாள். அவர் முகத்தில் நடப்பதைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது. கை வைக்காவிட்டால் பிள்ளைகள் முன்னால் பயந்தவர். வைத்து ஒன்றும் ஆகாவிட்டால் டத்தோ பொய்யர். அது இன்று மத்தியானமே குகன் வாய் வழியாக பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விடும். வகுப்பு மொத்தமும் அவர் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கையை வைத்தார்.

“ஐயோ.”

உடம்பு வெட்டி இழுக்க, அவர் பின்னால் பாய்ந்து கரும்பலகையில் மோதி, ஒரு காலைத் தூக்கி உதறினார். கையை, கைப்பேசியில் வந்த படத்தில் டத்தோ பிடித்திருந்த கோணத்திலேயே பிடித்துக்கொண்டார். குகன் யோசிக்கவே இல்லை. மேசைமேல் கிடந்த நீள மர அடிக்கோலை எடுத்து அவர் மணிக்கட்டில் ஒன்று போட்டார். இந்தத் தடவை வந்த அலறல் வேறுமாதிரி இருந்தது.

“டீச்சர்,” என்று பின்னாலிருந்து ரிஷியின் குரல் கேட்டது. அலமாரிக்குள்ளிருந்து இப்போதுதான் தலையை எடுத்திருந்தான். “புது பேட்டரி கெடச்சிருச்சு டீச்சர். போட்டுரவா?”

வகுப்பு திரும்பி அவன் கையிலிருந்த பேட்டரியைப் பார்த்தது. பிறகு பெட்டியைப் பார்த்தது. பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும், அதட்டியிருப்பார்.

“சார்,” என்றாள் ஷாமினி. “பேட்டரி இல்லாமயே அடிச்சிச்சா சார்?”

“உள்ள... மிச்சக் கரண்டு இருக்கும்.”

ஷாமினி அதை யோசித்துப் பார்த்தாள். அவள் முகத்தில் குறும்பு இல்லை, மரியாதைதான் இருந்தது. “அப்படின்னா இன்னொரு தடவ வைங்க சார். ஒரு தடவ பாத்தா பத்தாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. மூணு தடவயாவது பாக்கணும்.”

திருச்செல்வம் பெட்டியைப் பார்த்தார். அடிபட்ட கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். சுவரில் பிள்ளைகள் வரைந்து மாட்டியிருந்த மின்சுற்றுப் படங்களை, முதல்முறையாகப் பார்ப்பவர்போல, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“போட்டிக்குக் குடுத்த பேரு அப்படியே இருக்கட்டும் டீச்சர்,” என்றார் கடைசியில், சுவரைப் பார்த்தபடியே. “எனக்குத்தான் வயசாயிடுச்சு. நரம்புத் தளர்ச்சி.”

குகன் இதையெல்லாம் கேட்டமாதிரி தெரியவில்லை. அவர் பெட்டியருகே போய் நின்றிருந்தார். அடிக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வலக்கை உறையை விரல் விரலாகக் கழற்றினார். வெறும் உள்ளங்கையைப் பெட்டிமேல் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை.

“தம்பி, பேட்டரிய போடு,” என்றார் ரிஷியிடம்.

ரிஷி போட்டான். குகன் மறுபடியும் வைத்தார். பெட்டி அவர் கைக்கு அடியில் உறுமியது. எடுத்தார், நின்றது. வைத்தார், உறுமியது. கையைத் திருப்பிப் பார்த்தார். தலைமையாசிரியரின் மணிக்கட்டைப் பார்த்தார். அடிக்கோலை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“அப்ப நான் டத்தோவ எதுக்கு லா அடிச்சேன்?” என்று கேட்டார்.